இறைவன் கைவிடமாட்டார்: சிறுமியிடம் எவ்வாறு சொல்வது?

துன்பம் புகுந்த வீட்டிற்குச் செல்லும் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: ‘கவலைப்படாதே, கடவுள் இருக்கிறார்.’ வயதில் முதிர்ந்தவர்கள் தங்களுக்குள் இதைச் சொல்லிக்கொள்ளும்போது அது ஆறுதல். தந்தையை இழந்து நிற்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமியிடமோ, குடும்ப வறுமையால் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பெண்ணிடமோ சொல்லும்போது அது வாக்குறுதி ஆகிவிடுகிறது. குழந்தைகள் வாக்குறுதிகளை எளிதில் மறப்பதில்லை. ‘கடவுள் இருக்கிறார் என்றால் அப்பாவை ஏன் காப்பாற்றவில்லை?’ என்று அவள் கேட்கக்கூடும். கேட்காமல் மனத்திற்குள் பூட்டி வைத்துக்கொள்ளவும் கூடும். இரண்டாவது நிலையே அதிகக் கவலைக்குரியது.

தன்னை நம்பியவரை இறைவன் கைவிடுவதில்லை என்பது ஆன்மிக வாழ்வின் அடித்தளம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த உண்மையைத் துன்பத்தின் நடுவில் நிற்கும் இளம்பெண்ணுக்கு எவ்வாறு உணர்த்துவது? அதே சொல் ஒரு நேரம் அவளைத் தாங்குகிறது. வேறொரு நேரம் அவளை ஏமாற்றுகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? பெற்றோர், ஆசிரியர், அன்பர் என எந்த நிலையில் இருப்பவரும் இதைச் சிந்தித்தே ஆகவேண்டும்.

மூன்று தவறான விடைகள்

சிறுமியின் கேள்விக்கு நாம் அவசரமாகத் தரும் விடைகளில் மூன்று வகை உண்டு.

‘இது உன் கர்மபலன்’ என்பது முதல் வகை. கர்மக் கோட்பாடு ஒருவன் தன் வாழ்வைத் தானே திருத்திக்கொள்வதற்காக அருளப்பட்ட தத்துவம். பிறருடைய துன்பத்திற்குத் தீர்ப்பு எழுதுவதற்காக அருளப்பட்டதன்று. அழுதுகொண்டிருக்கும் குழந்தையிடம் அதைச் சொன்னால், துயரத்தின்மீது குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமத்தியவர்கள் ஆவோம்.

‘இந்த விரதத்தை இரு, இத்தனை முறை வலம் வா, எல்லாம் சரியாகிவிடும்’ என்பது இரண்டாம் வகை. விரதமும் வழிபாடும் நல்லவையே. ஆனால் குறித்த பலனுக்கான விலையாக அவற்றைக் கற்பித்தால், பலன் கிடைக்காத நாளில் குழந்தை இறைவனையே இழந்துவிடுகிறாள்.

‘கடவுள் சோதிக்கிறார், பொறுத்துக்கொள், வெளியில் சொல்லாதே’ என்பது மூன்றாம் வகை. நம் வீடுகளில் இதை ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளே அதிகம் கேட்கிறார்கள். பொறுமை உயர்ந்த குணம்தான். ஆனால் மனிதர் இழைக்கும் அநீதிக்கு இறைவனின் பெயரால் திரை போடுவது பொறுமை ஆகாது.

பேரமாகிவிட்ட பக்தி

இரண்டாம் வகை விடை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1858ஆம் ஆண்டு பிறந்த பண்டித ரமாபாய், சமஸ்கிருதத்தில் பெரும்புலமை பெற்ற அனந்த சாஸ்திரி டோங்ரேயின் மகள். பெண்கள் சாஸ்திரம் கற்பதைச் சமூகம் ஏற்காத அந்தக் காலத்தில் தந்தை தம் மனைவிக்குக் கற்பித்தார். தாய் தம் மகளுக்குக் கற்பித்தார். தலந்தோறும் சென்று புராணம் வாசித்து வாழ்ந்த குடும்பம் அது. பஞ்சம் வந்தபோது, தெய்வம் பொருள் தரும் என்ற எதிர்பார்ப்பில் நோன்புகளிலும் தானங்களிலும் இருந்ததையெல்லாம் செலவிட்டார்கள் என்று ரமாபாய் பின்னாளில் எழுதினார். உழைத்துப் பிழைக்கும் வழியையோ குடும்பம் அறிந்திருக்கவில்லை. 1874ஆம் ஆண்டு தந்தை மறைந்தார். சில மாதங்களில் தாயும், பின்னர் தமக்கையும் மறைந்தார்கள். பதினாறு வயதில் ரமாபாய்க்கு எஞ்சியது ஓர் அண்ணன் மட்டுமே. இருவரும் பசியோடு நாடெங்கும் நடந்தார்கள். அந்த நடையில் அவருடைய பழைய நம்பிக்கை உதிர்ந்துபோயிற்று.

அவர் பின்னாளில் வேறொரு சமய நெறியைத் தழுவினார் என்பதை நாம் அறிவோம். இங்கே நாம் சிந்திப்பது அதைப் பற்றியன்று. அந்தப் பதினாறு வயதுப் பெண்ணின் உள்ளத்தில் உடைந்தது எது? கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்று அவள் கண்ட கணக்குதான் உடைந்தது. அவளுக்குக் கணக்கையும் கடவுளையும் ஒன்றாகவே காட்டியிருந்தார்கள். ஆகவே கணக்கு பொய்த்தபோது கடவுளும் பொய்த்ததாகத் தோன்றியது. இன்னொன்றையும் நாம் கவனிக்கவேண்டும். 1896-97ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ரமாபாய் மத்திய மாகாணங்களுக்குச் சென்று, ஆதரவற்று நின்ற முந்நூறு அளவிலான சிறுமிகளையும் பெண்களையும் அழைத்து வந்தார். புனேக்கு அருகிலுள்ள கேட்காவில் அவர்களுக்கு உணவும் கல்வியும் கைத்தொழிலும் அளித்தார். தமக்குப் பஞ்சத்தில் கிடைக்காத கரத்தை அவர் பிற சிறுமிகளுக்கு நீட்டினார்.

சபையில் எழுந்த கேள்வி

மூன்றாம் வகை விடைக்கு மறுமொழி மகாபாரதத்திலேயே இருக்கிறது. கௌரவர் சபைக்கு இழுத்து வரப்பட்ட திரௌபதி, கண்ணனைச் சரணடைந்ததை நாம் பக்தியோடு நினைவுகூர்கிறோம். அதற்குமுன் அவள் செய்ததை எளிதில் மறந்துவிடுகிறோம். தன்னைப் பணயம் வைத்து முன்பே தோற்றுவிட்ட ஒருவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று அவள் தர்மத்தின் பெயரால் கேட்டாள். பீஷ்மர் தர்மம் நுட்பமானது என்று கூறி நழுவினார். மற்ற மூத்தோரும் அவளுக்கு நீதி வழங்கவில்லை. துரியோதனனின் தம்பியரில் ஒருவனான விகர்ணன் அவளுக்காகப் பேசினான்.

திரௌபதியின் பக்தி அவளுடைய கேள்வியைத் தடுக்கவில்லை. அவளுடைய கேள்வி அவளுடைய பக்தியைக் குறைக்கவும் இல்லை. அந்தச் சபையில் அவளைக் கைவிட்டவர்கள் பெரியவர்களே, பகவான் கைவிடவில்லை. எனவே துன்பத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க நாம் கற்கவேண்டும். மரணம், நோய், பஞ்சம் போன்றவை மனிதக் கைக்கு முழுவதும் அடங்காதவை. அங்கே இறைநம்பிக்கை ஊன்றுகோல். அடி, அவமதிப்பு, தகாத தொடுகை, பருவத்திற்கு முன் திணிக்கப்படும் திருமணம் ஆகியவை மனிதர் செய்பவை. அங்கே ‘இறைவனை நம்பிப் பொறுத்துக்கொள்’ என்பவர் பீஷ்மரின் இடத்தில் அமர்கிறார். அவ்வேளையில் சிறுமியிடம் சொல்லவேண்டியது, ‘நீ குற்றமற்றவள், இதைச் சொன்னது சரி, நான் உன் பக்கம் நிற்கிறேன்’ என்பதே.

விசிறிய இரு கைகள்

அப்படியானால் சரியான விடை எது? அன்னை ஸ்ரீசாரதா தேவியாரின் இளமையில் நடந்த ஒரு நிகழ்ச்சி வழிகாட்டுகிறது. 1864ஆம் ஆண்டு வங்காளத்தில் ஜெயராம்பாடி கிராமப் பகுதியில் கடும் பஞ்சம். அன்னைக்கு அப்போது வயது பதினொன்று. அவருடைய தந்தை ராமசந்திர முகர்ஜி செல்வந்தர் அல்லர். எனினும் முந்தைய ஆண்டு சேமித்த நெல்லை எடுத்து, அரிசியும் பருப்பும் சேர்ந்த கிச்சடி சமைக்கச் செய்து, வந்தவர்க்கெல்லாம் வழங்கினார். பசித்து வந்தவர்களால் சூடு ஆறும்வரை காத்திருக்க இயலவில்லை. சிறுமி சாரதா இரு கைகளாலும் விசிறி எடுத்து வீசி அந்த உணவை ஆற்றினார்.

அந்நாட்களில் வந்த ஒரு பெண்ணைப் பற்றி அன்னை பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எண்ணெய் காணாத தலை. பசியால் வெறிபிடித்தது போன்ற கண்கள். மாட்டிற்கு ஊறவைத்திருந்த தவிட்டைக் கண்டதும் அவள் அதையே அள்ளித் தின்னத் தொடங்கினாளாம். உள்ளே கிச்சடி இருக்கிறது என்று அழைத்தும் அவளால் பொறுக்க முடியவில்லையாம்.

அந்தப் பெண்ணிடம் யாராவது இறைவனின் மாறாத அருளைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் காதில் அது விழுந்தே இருக்காது. அவளுக்கு அன்று இறைவன் காட்டிய முகம், ‘உள்ளே வா’ என்று அழைத்த ஒரு குரலும், இலையில் விழுந்த சோறும், அதை ஆற்றிய ஒரு சிறுமியின் கைகளுமே. குழந்தையால் அருவமான கருத்தைப் பற்றிக்கொள்ள முடியாது. ஒரு கையைப் பற்றிக்கொள்ள முடியும். மாறாத மனிதர் ஒருவரைக் கண்டவளே மாறாத இறைவன் ஒருவர் உண்டு என்பதை நம்பத் துணிகிறாள்.

பஞ்சத்தில் பிறர்க்கு விசிறியவளும் ஒரு சிறுமியே என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தன்னால் இன்னொருவர் துயரைச் சிறிதேனும் ஆற்ற முடியும் என்று உணரும் பெண் தன்னைக் கைவிடப்பட்டவளாக எண்ணமாட்டாள். துன்பத்திலுள்ள சிறுமிக்கு இரக்கம் மட்டும் போதாது. அவள் வயதிற்கேற்ற, அவளைச் சுரண்டாத, சிறு சேவை ஒன்றையும் அவள் கையில் தரலாம்.

உப்பில்லாத சோறு

இங்கே ஒரு தடை எழலாம். மனிதர்கள் நிலையற்றவர்கள், நாமும் ஒருநாள் பிரிவோம். மனிதக் கைகளையே நம்பப் பழகிய பெண், அந்தக் கைகள் இல்லாதபோது என்ன செய்வாள்?

இதற்கும் அன்னையின் வாழ்விலேயே விடை உண்டு. 1886ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தார். தீர்த்தயாத்திரைக்குப்பின் மறு ஆண்டு அன்னை காமார்புகூரில் தனித்து வாழ நேர்ந்தது. உதவித்தொகை நின்றுபோயிற்று. மண்ணைக் கொத்திக் கீரை பயிரிட்டார். வெறும் சோறு; சில நாட்களில் அதற்கு உப்பும் இல்லை. கிழிந்த சேலையை முடிச்சிட்டு உடுத்தினார். ஊராரின் குறைச்சொல் வேறு. ஆயினும் அவர் யாரிடமும் கை நீட்டவில்லை. உப்பு கிடைத்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை அன்று. உப்பு இல்லாத நாளிலும் தாம் தனித்துவிடப்படவில்லை என்பதே அவருடைய நம்பிக்கை. இறைவன் கைவிடமாட்டார் என்பதன் முதிர்ந்த பொருள் இதுவே. துன்பம் வராது என்று இறைவன் யாருக்கும் உறுதி அளிக்கவில்லை. துன்பத்தினுள்ளும் உடன் இருப்பதே அவர் அளிக்கும் உறுதி.

ஆனால் அந்த மௌனம், முப்பத்து மூன்று வயதில், நீண்ட சாதனையில் கனிந்த ஓர் ஆன்மா தானே ஏற்றது. அதைச் சிறுமியின்மீது விதியாகச் சுமத்துவது முறையன்று. அன்னையே அவ்வாறு செய்யவில்லை. 1898ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் சகோதரி நிவேதிதையின் பெண்கள் பள்ளியைக் கல்கத்தா பாக்பஜாரில் தொடங்கி வைத்து ஆசி வழங்கியவர் அவர். மகள்களுக்குத் திருமணம் ஆகவில்லையே என்று வருந்திய ஒரு தாயிடம், அவர்களை நிவேதிதையின் பள்ளியில் படிக்க வைக்குமாறு அறிவுறுத்தியவரும் அவரே. கைவிடாத இறைவனை நம்பச் சொன்ன அன்னை, அந்தப் பெண்கள் தம் காலில் நிற்பதற்கான வழியையும் உடன் காட்டினார்.

நாம் செய்யக்கூடியவை

முதலில், கேட்போம். சிறுமி இறைவன்மேல் கோபப்பட்டால் அஞ்சவேண்டாம். காளி அன்னையிடம் உரிமையோடு முறையிட்டுச் சண்டையிட்ட ராம்பிரசாத் வங்காளத்தின் பெரும் பக்தர். நம்பாதவரோடு எவரும் சண்டையிடுவதில்லை. அவளுடைய முறையீடும் பிரார்த்தனையே என்று அவளுக்குச் சொல்வோம்.

இரண்டாவதாக, சிறிய சொல்லையும் காப்போம். ‘ஞாயிறன்று வருகிறேன்’ என்றால் ஞாயிறன்று செல்லவேண்டும். செல்ல முடியாவிட்டால் முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும். நாம் தவறவிட்ட ஞாயிற்றுக்கிழமைகளைக் கொண்டே அவள் இறைவனையும் அளக்கக்கூடும்.

மூன்றாவதாக, பேரமற்ற வழிபாட்டைப் பழக்குவோம். மாலையில் ஒரு விளக்கு, சில நிமிட நாமஜபம். இதனால் தேர்வில் வெற்றி கிடைக்கும், நோய் நீங்கும் என்றெல்லாம் சேர்த்துச் சொல்லவேண்டாம். அந்தச் சில நிமிடங்கள் அவளுக்கு உரிய இடமாக, வந்து அமரும் நிழலாக இருக்கட்டும்.

நான்காவதாக, வேண்டிய உதவியைத் தேடித் தருவோம். கல்விக்கட்டணம், மருத்துவர், மனநல ஆலோசகர் ஆகியவற்றை நாடுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. ஆபத்திலுள்ள குழந்தைகளுக்காக 1098 என்ற தொலைபேசி எண் நம் நாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு சிறுமிக்கும் இறைநாமத்தோடு இந்த எண்ணும் தெரிந்திருக்கட்டும்.

பிணை நிற்போம்

பகவத்கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில், பக்தனுக்கு அழிவில்லை என்ற உறுதியை அளிக்கும் பகவான், அதைத் தாமே அறிவித்து நிறுத்திக்கொள்ளவில்லை. அதைப் பறைசாற்றும் பொறுப்பை அர்ஜுனனிடம் ஒப்படைக்கிறார். இறைவனின் வாக்குறுதி மனித நாவின் வழியே உலகிற்குச் செல்லவேண்டும் என்பது அவரது திருவுள்ளம். எனவே ஒரு சிறுமியிடம் ‘இறைவன் உன்னைக் கைவிடமாட்டார்’ என்று சொல்லும் ஒவ்வொருவரும் அந்த வாக்கிற்குப் பிணை நிற்கிறோம். நாம் கைவிட்டுவிட்டு, இறைவன் கைவிடமாட்டார் என்று அவளிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நம் அண்டைவீட்டில், நம் வகுப்பறையில், நம் உறவில் இன்று அத்தகைய ஒரு சிறுமி இருக்கக்கூடும். அவளைக் காணும் கண்ணையும், அவளிடம் கொடுத்த சொல்லைக் காக்கும் உறுதியையும் நமக்கு அருளுமாறு அன்னையின் திருவடிகளில் பிரார்த்திப்போமாக.