புயலை முந்து!

1999 அக்டோபர் 29. மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஒரு பெரும்புயல் ஒடிசாக் கடற்கரையில் ஏறியது. ஜகத்சிங்பூர் மாவட்டத்து எரசமாவில் கடல் ஊருக்குள் புகுந்து, திரும்பும்போது ஊரையே வாரிக்கொண்டு போனது. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். 2013 அக்டோபர் 12 அன்று அதே ஒடிசாவில், கோபால்பூர் அருகே, பைலின் புயல் கரை கடந்தது. அதுவும் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய அசுரக் காற்றுதான். இந்த முறை இறந்தவர்கள் 50 பேருக்குள்.

பத்தாயிரம் எங்கே, ஐம்பது எங்கே! இடையில் என்ன நடந்தது? பிணங்களை எண்ணிக் களைத்துப்போன ஒரு மாநிலம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தது. 1999-லேயே பேரிடருக்கென்று தனி ஆணையம் அமைத்தது. கடலோரத்தில் தூண்கள்மேல் உயர்த்திய புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டியது. ஊருக்கு ஊர் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, யாரை யார் அழைத்துப் போவது, எந்த வழியில் போவது என்று ஒத்திகை பார்க்க வைத்தது. பைலின் வந்தபோது ஏறத்தாழ 10 லட்சம் பேர், காற்று வருவதற்கு முன்பே, பாதுகாப்பான கூரைகளின் கீழே இருந்தார்கள்.

தம்பி தங்கைகளே, இந்தக் கணக்கை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இனி யாராவது உங்கள் முன்னால் கையை விரித்து, "புயல் வந்தா நாம என்ன செய்ய முடியும், எல்லாம் விதி" என்று சொன்னால், எரசமாவையும் கோபால்பூரையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். காற்று நம் கையில் இல்லை. சாவு எத்தனை என்பதில் பெரும்பங்கு நம் கையில் இருக்கிறது. இதை ஏழை நாடுகளும் எளிய மீனவர்களும் செய்து காட்டிவிட்டார்கள். படிப்பும் கைபேசியும் வைத்திருக்கிற நமக்கு, முடியாது என்று சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 நவம்பர் 12 இரவு, அன்றைய கிழக்கு பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயல் குறைந்தது 3 லட்சம் உயிர்களைக் குடித்தது. வரலாற்றில் இதைவிட அதிகம் கொன்ற புயல் வேறில்லை. அடுத்த ஆண்டே போர், புதுத் தேசம், பசி. அந்த நிலையில், 1972-ல், செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து புயல் தயாரிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் ஆயுதங்கள் என்ன தெரியுமா? கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி, எச்சரிக்கைக் கொடி, வீடு வீடாக ஓடிக் கதவைத் தட்டச் சம்மதித்த ஊர்க்காரர்கள். அவ்வளவுதான்.

உடனே வெற்றி வரவில்லை. 1991-ல் வந்த புயலில் மறுபடியும் 1,38,000 பேர் செத்தார்கள். அவர்களில் பெண்கள் மிக அதிகம். ஆண்துணை இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது என்ற கட்டுப்பாடு, முகாமில் தனியிடம் இல்லாத கூச்சம், காலைச் சுற்றிய சேலை, இடுப்பில் குழந்தை. அங்கே மனம் தளர்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் தப்பு எங்கே என்று தேடினார்கள். மையங்களைப் பெருக்கினார்கள், பெண்களையே தொண்டர்களாக்கினார்கள். இன்று அந்தத் திட்டத்தில் 70,000 பேருக்கு மேல் தொண்டர்கள், அதில் பாதிப் பேர் பெண்கள். 2020-ல் அம்பன் புயல் வந்தபோது வங்கதேசம் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கரையிலிருந்து நகர்த்தியது. லட்சங்களில் செத்த அந்தக் கரையில் சாவு சில பத்துகளில் நின்றது. தங்கைகளே, இந்தப் பத்தியை உங்களுக்காகவே இவ்வளவு நீட்டினேன். ஊர்க்கூட்டத்தில் பின்வரிசையில் நிற்காதீர்கள். எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத ஆத்தா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நம் கரைக்கு வருவோம். வங்கக் கடலின் மேல்பரப்பு 26.5 டிகிரிக்கு மேல் சூடேறினால் அது புயலுக்குத் தீனி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்தத் தீனிக்குக் குறைவே இல்லை. ஆகவே புயல் வரும். இந்த ஆண்டு தப்பினால் அடுத்த ஆண்டு வரும். ஆனால் புயலுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது நிலநடுக்கம்போலத் திடுமென்று வராது. நாள்கணக்கில் கடலில் நடந்து, ஊரறிய வரும். கஜா புயலுக்கு 2018 நவம்பர் 11 அன்றே பெயர் சூட்டியாகிவிட்டது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையேறியது 16-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி. இடையில் இருந்த நாள்களில் 80,000-க்கும் மேற்பட்டவர்கள் முகாம்களுக்குப் போனார்கள். போனவர்கள் பிழைத்தார்கள். "அது கடலூர்ப் பக்கம் போயிடும்" என்று சொல்லிக்கொண்டு கடைசி மணி வரை உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. எதிரி தேதி சொல்லிவிட்டு வருகிறான். அந்த அவகாசத்தை வீணாக்குவதுதான் தோல்வி.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. எச்சரிக்கை வந்ததும் முற்றிய காயையும் இளநீரையும் வெட்டி இறக்க வேண்டும். கனத்த அடிமட்டைகளைக் கழித்துத் தலைப்பாரம் குறைக்க வேண்டும். தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தி, தூரில் மண் அணைக்க வேண்டும். வேளாண் துறை ஒவ்வொரு புயலுக்கும் சொல்வது இதைத்தான். எல்லா மரத்தையும் இது காப்பாற்றாது. நூறில் பத்து மரம் கூடுதலாக நின்றால்கூட அது குடும்பத்துக்கு ஆதரவு. சம்பா நெல்லுக்குக் காப்பீடு கட்டக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும், புயல் பருவமும் அதுவே. கடைசி நாள் பார்த்து வரிசையில் நிற்காமல் முன்பே கட்டுங்கள். தென்னைக்கும் காப்பீடு இருக்கிறது. பிரீமியத்தில் பாதியைத் தென்னை வளர்ச்சி வாரியமும் கால்பங்கை மாநில அரசும் ஏற்கின்றன, விவசாயி கட்டுவது மீதிக் கால்பங்குதான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன், உயிர் சம்பந்தப்பட்டது. புயலின் கண் உங்கள் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று நின்றுவிடும், மழையும் ஓயும். போய்விட்டது என்று நினைத்து மாட்டைப் பார்க்கவும் ஓட்டைச் சரிசெய்யவும் வெளியே ஓடுவார்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று அதே வெறியோடு வரும். முதல் பாதியில் ஆட்டம் கண்ட சுவரும் மரமும் விழுவது அப்போதுதான். அதிகாரிகள் அறிவிக்கும்வரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது.

இனி, விழுந்த பிறகு எழுவது. கஜா போன விடியற்காலையில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, முத்துப்பேட்டைத் தோப்புகளில் லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தும் நடுவில் முறிந்தும் கிடந்தன. தாத்தா நட்டு, அப்பா நீர் ஊற்றி, மகளின் கல்யாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் பணம் தந்த மரங்கள். அந்த இழப்பைத் தாங்க முடியாமல் உயிரை விட்ட விவசாயிகளும் உண்டு. அவர்களைக் கோழைகள் என்று பேசுபவரோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் இன்று தோப்பு விழுந்து உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவர் தோளையும் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது: ஐயா, மரத்தை நட்டது நீங்கள். நட்ட கை இருக்கும்வரை தோப்பு முடிந்துவிடவில்லை! நெட்டைத் தென்னை காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும், குட்டை ரகம் மூன்று நான்கில் பாளை விடும். அதுவரை இடையில் உளுந்தும் கடலையும் வாழையும் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்துத் தோப்புக்காரர் இரண்டு நாளாக யாரோடும் பேசாமல் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். சோறு கொண்டு போங்கள், பேச வையுங்கள்.

அதே பேராவூரணியில் கஜாவுக்குப் பின் இளைஞர்கள் என்ன செய்தார்கள்? நிவாரணப் பொருள் பங்கிட்டதோடு கலைந்து போகவில்லை. கடைமடை விவசாயிகள் சங்கமாகத் திரண்டு, 500 ஏக்கருக்கு மேல் பரந்த பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். காவிரி கடைசியாக எட்டிப்பார்க்கும் மண்ணில், புயல் அடித்துப்போட்ட மறு ஆண்டில், தண்ணீருக்கு இடம் வெட்டினார்கள்!

1964 டிசம்பர் 22 இரவையும் நினைத்துப் பாருங்கள். தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியது. பயணிகளோடு ஒரு ரயிலே போயிற்று. பாம்பன் ரயில் பாலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட இரும்பு உத்திரங்கள் கடலுக்குள் விழுந்தன. கப்பலுக்கு வழிவிடும் தூக்குப்பாலம் மட்டும் நின்றது. சீரமைக்க ஆறு மாதம் என்று கணக்குப் போட்டார்கள், மேலதிகாரி மூன்று மாதம் என்று குறைத்தார். பொறுப்பு 32 வயது பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் கையில் வந்தது. விழுந்த உத்திரங்களைக் கடலடியில் தேடி, தூக்கி, மறுபடி பொருத்தி, 46 நாளில் பாலத்தை நிறுத்தினார்கள். தனுஷ்கோடியை மட்டும் மீண்டும் ஊராக்கவில்லை. அதுவும் சரியான முடிவே என்பேன். எதை அதே இடத்தில் எழுப்புவது, எதைத் தள்ளிக் கட்டுவது என்று தெரிவதும் துணிச்சலில் சேர்த்தி. கடலுக்கு முன்னால் வீடு கட்டத் துடிப்பவர் கொஞ்சம் அலையாத்திக் காட்டுக்கு இடம் விட்டுப் பார்க்கட்டும். ஒடிசாவின் கேந்திரபாடாவில் அந்தக் காடு அகலமாக நின்ற ஊர்களில் 1999 புயலில் சாவு குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். முத்துப்பேட்டையில் நமக்கும் அப்படியொரு காடு இருக்கிறது. அதை வெட்ட வருபவன் கையைப் பிடியுங்கள்.

தன்னம்பிக்கை உள்ளவன் அரசிடம் கை நீட்டமாட்டான் என்று சிலர் பேசுகிறார்கள். நம்பாதீர்கள். 2017 இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அவர்களிடம் தைரியத்துக்குப் பஞ்சமா? செய்தி போய்ச் சேரும் கருவிதான் இல்லை. அதைக் கேட்பது உரிமை, பிச்சை அல்ல. நிமிர்ந்து கேளுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்து, அசலைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு வையுங்கள். விழுந்த மரத்தையும் இடிந்த சுவரையும் அகற்றும் முன் படம் பிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்போது கூடவே நடங்கள். உங்கள் சர்வே எண் விட்டுப்போனால் அங்கேயே குரல் கொடுங்கள்.

ஆகவே இந்தப் புரட்டாசியில், வானம் வெளுத்திருக்கும்போதே, உங்கள் தெருவில் ஒரு கூட்டம் போடுங்கள். தனியாக இருக்கும் முதியவர்கள், நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தைக்காரிகள் பெயரை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தூக்கிக்கொண்டு போகிறவர் பெயரையும் எழுதுங்கள். முகாம் எந்தப் பள்ளியில், சாவி யாரிடம் என்று கேட்டு வையுங்கள். மாநில உதவிக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. ஊர்ச் சங்கத்து ஜெனரேட்டரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், மரம் அறுக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுங்கள். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் அந்தப் பெயர்ப்பட்டியல் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், ஒருமுறை ஒத்திகையும் நடந்திருக்க வேண்டும்.