பிரேக் இன்ஸ்பெக்டர் பார்க்காத இடம்

எஃப்.சி. எனும் தகுதிச் சான்றிதழுக்காகப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டும் நாளில் மொட்டை டயரைக் கழற்றி வைத்துவிட்டு, தெரிந்தவர் வண்டியின் நல்ல டயரை மாட்டிக்கொண்டு போவது தமிழ்நாட்டில் பழைய தந்திரம். சான்றிதழ் கைக்கு வந்ததும் டயர் உரியவரிடம் திரும்பிவிடும்.

இதில் ஏமாந்தது யார்? பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் முதலில் தோன்றும். அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் ஏற்காடு மலைக்குப் போக அந்த வண்டியில் குடும்பத்தோடு ஏறி உட்காருகிறாரே, அந்தப் பயணிதான் ஏமாந்தவர். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க அவரால் முடியாது என்பதால்தான் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வாடகை வண்டிகளிடம் எஃப்.சி. கேட்கிறது.

வண்டிக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெயிண்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று பட்டறையில் விடுவார். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றியதும் வீல் சிலிண்டர் கசிவது தெரியும், கூடவே டிரம்மும் தேய்ந்திருக்கும். ஏற்காடு கோடை விழா நேரத்தில் வண்டி நின்றால் வருமானம் நிற்கும், ஃபைனான்ஸ் தவணை நிற்காது. போதாக்குறைக்கு, எஃப்.சி. தேதி தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று 2016 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. இன்னொன்று, பெங்களூரிலிருந்து வரும் சொந்தக் காரும் ஏற்காட்டுப் பாதையின் இதே 20 கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஏறுகிறது. அதன் பிரேக்கை 15 ஆண்டுக்கு எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை, புகைச் சான்றிதழ் இருந்தால் சரி. இருப்பவனுக்கு ஒரு சட்டம், உழைப்பவனுக்கு ஒரு சட்டமா என்ற கோபம் நியாயமானதே. அந்தக் கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் நாடாளுமன்றம். காசு கொடுத்து ஏறிய பயணி அதற்கு என்ன செய்வார்?

இதைவிடச் சிக்கலானது, நேர்மையாகவே எஃப்.சி. வாங்கிய வண்டியின் கதை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. வழியெல்லாம் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடு ஏறும். நாள்பட்ட பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அதனால் சீக்கிரம் கொதித்து ஆவிக்குமிழ் கட்டும், பெடல் பஞ்சை மிதித்ததுபோல் உள்ளே போகும். சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திக் காட்டும்போது இது தெரியாது. ஏறின கியரிலேயே இறங்கு என்று மலை டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

ஆயிலும் சிலிண்டரும் சரியில்லை என்று மெக்கானிக் சொன்ன பிறகு, 'எஃப்.சி. இருக்கிறதே' என்பது பதிலாகுமா? 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அந்தப் பேருந்துக்கும் எஃப்.சி. இருந்தது. இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டதற்கு மட்டுமே அந்தக் காகிதம் சாட்சி. குறை தெரிந்துவிட்டால் வண்டி மலையேறக் கூடாது, முன்பதிவு எத்தனை இருந்தாலும்.

அந்த நஷ்டம் முழுவதையும் ஒற்றை வண்டிக்காரர் தலையில் கட்டுவது மட்டும் நியாயமில்லை. சவாரி பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் விடுதியும் ஏஜென்ட்டும், வண்டி பழுதுக்காக நின்றால் அந்தச் சவாரியை இன்னொருவருக்கு மாற்றிவிட்டு, பழையவரை அடுத்த வாரமும் கூப்பிட வேண்டும். அரசும், தேதி தாண்டிய நாட்களில் வண்டி பட்டறையில்தான் நின்றது என்று பில் காட்டுபவரிடம் அந்த 50 ரூபாயை வாங்காமல் விடலாம்.