இலவசக் கருவியும் பெறுவோர் கடனும்

விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கணக்கு எளிது. பணம் கை மாறியதும் விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையிலான உறவு முடிந்துவிட்டதென்று சந்தைச் சமுதாயம் நமக்குக் கற்பித்திருக்கிறது. விலை கொடாமல் பெற்ற பொருளுக்கு என்ன கணக்கு? அதை ஆக்கியவனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா? அன்றி, 'அவன் தந்தான், நாம் பெற்றோம்' என்று கை கழுவிவிடலாமா?

நம் அறநூல்கள் செய்ந்நன்றி அறிதலைப் பேரறமாகப் போற்றின. ஆயின், நன்றி செய்தவன் முகம் தெரிந்தவனாயிருந்த காலத்தின் அறம் அது. முகமறியாத பலரின் உழைப்பு, ஒரு பொத்தானை அழுத்தியதும் நம் மேசைக்கு வந்து சேரும் காலத்தில் அந்த அறம் எவ்வடிவம் கொள்ளும்? இதுவே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

மிகச் சிறிய செயல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடுவிலில் ஒரு மாணவி கணினிக்கு நிரல் எழுதப் பழகுகிறாள் என்று கொள்வோம். அவளுடைய மடிக்கணினியில் 'விஷுவல் ஸ்டூடியோ கோட்' என்னும் நிரலாக்கச் சூழல் இருக்கிறது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட அது, தச்சனுக்குப் பட்டறை போன்றது. ஆயினும் வெறும் பட்டறையில் எல்லா உளிகளும் இருப்பதில்லை. பைதன் மொழியில் எழுத ஒன்று, பிழைகளைச் சுட்டிக் காட்ட ஒன்று, வரிகளை ஒழுங்குபடுத்த ஒன்று என வேண்டியவற்றை வேண்டியபோது சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு சேர்க்கப்படும் சிறு நிரல்களையே பிளகின் என்றும் செருகுநிரல் என்றும் சொல்கிறோம். பட்டியலில் பெயரைத் தேடி, 'நிறுவு' என்னும் பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் காரியம் முடிந்தது. பெரும்பாலானவற்றுக்குக் காசு கேட்பாரில்லை.

அந்தச் சில நொடிகளில் நிகழ்ந்தவை இரண்டு. அவள் ஒருவருடைய உழைப்பைப் பெற்றாள். அவருக்குத் தன் வீட்டுத் திறவுகோலையும் கொடுத்தாள். இங்கு நிறுவப்படும் செருகுநிரல், அந்தச் சூழலுக்குள்ள அதே உரிமைகளோடு இயங்குகிறது. கோப்புகளைப் படிக்கலாம், திருத்தலாம், இணையத்தின் வழியே வெளியே அனுப்பவும் செய்யலாம். இதனாற்போலும், ஒரு வெளியீட்டாளரின் செருகுநிரலை முதன்முறை நிறுவும்போது, 'இவரை நம்புகிறீர்களா?' என்று அச்சூழல் இப்போது கேட்கிறது. நாமும் 'ஆம்' என்று அழுத்துகிறோம். எதைக்கொண்டு நம்பினோம்? அவரை அறிவோமா? அவர் எழுதியதைப் படித்தோமா? இல்லை. பிறரும் நிறுவியிருக்கிறார்கள் என்னும் எண்ணிக்கையைக் கண்டோம், அவ்வளவே. அந்தப் பிறரும் அதே எண்ணிக்கையைக் கண்டே நம்பியிருப்பார்கள்!

இதன் விளைவை 2018இல் உலகம் கண்டது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்களின் பொதுக் களஞ்சியத்தில் 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' என்றொரு சிறு நிரற்கூறு இருந்தது. நிரலாக்கச் சூழலிற் செருகப்படுவது அன்றாயினும், பிறர் உழைப்பை ஒரு கட்டளையால் இறக்கிக்கொள்ளும் வகையில் இரண்டும் ஒன்றே. வாரந்தோறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முறை அது இறக்கப்பட்டு வந்தது. அதை ஆக்கியவரோ தாம் அதனைப் பயன்படுத்துவதை விட்டுப் பல ஆண்டுகளாகியிருந்தன, ஊதியமும் இல்லை. 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று முன்பின் அறியாத ஒருவர் எழுதிக் கேட்டார். ஆக்கியவர் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். புதியவரோ, மின்பணப் பை ஒன்றைக் குறிவைத்துத் திருட்டு நிரலை அதனுள் நுழைத்தார். செய்தி வெளியானதும் கண்டனம் எழுந்தது. பெரும்பகுதி யார்மேல் விழுந்தது? ஊதியமின்றி உழைத்து, களைத்து, கையளித்துவிட்ட அந்த முதல் மனிதர்மேல்!

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். அவர் கையளித்த விதம் தவறாக இருக்கலாம். ஆயின் அவருடைய உழைப்பின்மேல் பெரும் நிறுவனங்களும் தங்கள் மாளிகைகளை எழுப்பிக்கொண்டபோது, 'இந்த அத்திவாரத்தைக் காப்பவர் யார்? அவர் உண்டாரா, உறங்கினாரா?' என்று கேட்டவர் எத்தனை பேர்? இலவசமாகப் பெறுவது குற்றமாகாது. ஆனால் உழைப்பு இருந்த இடத்தில் உழைப்பே இல்லாததுபோல் நடந்துகொள்வது குற்றம். விலைச்சீட்டு இல்லாத பொருளுக்குப் பின்னால் மனிதனே இல்லையென்று எண்ணும் பழக்கம், எல்லாவற்றையும் விலையால் அளக்கும் சமுதாயம் நம் மனத்தில் விதைத்த பழக்கம்.

'ஆயிரக்கணக்கான வரிகளை ஒரு மாணவி படித்துப் பார்த்துத்தான் நிறுவ வேண்டுமென்றால் நடக்கிற காரியமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நடக்கிற காரியமன்று. கிணற்று நீரைக் குடிக்கும் ஒவ்வொருவரும் அதைச் சோதித்தே குடிக்க வேண்டும் என்று நாம் சொல்வதில்லை; கிணற்றைக் காக்கும் பொறுப்பை ஊர் ஏற்க வேண்டும் என்கிறோம். நம்பிக்கையும் அவ்வாறே ஊர்ப் பொதுச்சொத்து. ஒருவர் படிக்க முடியாததைப் பலர் பகிர்ந்து படிக்கலாம். அதற்கு முதல் நிபந்தனை, மூலநிரல் எவரும் படிக்கத் திறந்திருத்தல். இரண்டாம் நிபந்தனை, படிக்கத் தெரிந்தோர் பெருகுதல். முதலாவது உடைமை பற்றியது. இரண்டாவது கல்வி பற்றியது.

உடைமையை முதலில் நோக்குவோம். விஷுவல் ஸ்டூடியோ கோட்டின் மூலநிரல் திறந்த உரிமத்தில் வெளியாகியிருக்கிறது. எவரும் எடுத்து வேறொரு சூழலை ஆக்கலாம். ஆனால் செருகுநிரல்களை வழங்கும் மைக்ரோசொப்டின் சந்தையை அந்த வேறு சூழலிலிருந்து பயன்படுத்த அதன் விதிகள் இடங்கொடுப்பதில்லை. பட்டறை பொது, உளிக்கடையின் வாசலோ ஒருவர் கையில்! இதனாலேயே எக்லிப்ஸ் அறக்கட்டளை 'ஓப்பன் வி.எஸ்.எக்ஸ்' என்னும் திறந்த களஞ்சியம் ஒன்றை நடத்தி வருகிறது. வாசல் ஒருவர் கையிலிருப்பதன் பொருள் 2019இல் தெளிவாயிற்று. அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளின் காரணமாக ஈரான், சிரியா, கிரைமியா ஆகிய இடங்களின் நிரலாளர்களுக்குக் கிட்ஹப் களஞ்சியத்தின் சில சேவைகள் மறுக்கப்பட்டன. எழுதிய கை அவர்களுடையது. கதவின் தாழ் வேறொருவருடையது.

கருவி வந்து சேர்வது வேறு, அதை இயக்கும் உரிமை வந்து சேர்வது வேறு என்பதை நம் மண் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருக்கிறது. 1820இல் அமெரிக்க மிஷன், ஜேம்ஸ் காரெற் என்னும் அச்சாளரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. ஆட்சிப் பொறுப்பிலிருந்த சேர் எட்வேர்ட் பான்ஸ் அவர் இங்கு தங்குவதற்கு அனுமதி மறுத்தார். அச்சாளர் வெளியேற நேர்ந்தது. உடுவிலுக்கு அயலூரான மானிப்பாயில் அந்த மிஷனின் அச்சகம் இயங்கியது 1830களிலேதான். 1841இல் 'உதயதாரகை' வெளிவந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். மிஷனரிமாரின் கையில் அச்சின் வலிமையைக் கண்டவர், அவர்களுடைய அச்சகத்தின் தயவை நாடி நிற்கவில்லை; தமக்கென ஒன்றை நிறுவி, தம் நோக்கத்துக்கு அதைப் பணிகொண்டார். அவருடைய கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. கருவியைப் பெறுவதோடு அமையாமல் அதன்மேல் ஆட்சியையும் பெற்றார் என்பதே நமக்குரிய பாடம்.

இனிக் கல்வி. மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். மேனாட்டு மருந்தைக் கொடுத்து நோயாளியை அனுப்புவதோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருந்தைப் பெற்றவன் நோயாளியாகவே இருப்பான். மருத்துவத்தை விளங்கிக்கொண்டவன் மருத்துவனாவான். செருகுநிரலை நிறுவத் தெரிந்தவளுக்கும், அதைத் திறந்து பார்த்து, பிழை கண்டால் திருத்தி, திருத்தத்தை ஆக்கியவருக்கே அனுப்பத் தெரிந்தவளுக்கும் இடையே அதே வேறுபாடு உண்டு. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது அதன் நோக்கங்களில் மதப் பரப்புதலும் இருந்தது. ஆயின் எழுத்தைக் கற்றவர் அதைக் கொண்டு எதைப் படிப்பார், எதை எழுதுவார் என்பதைக் கற்பித்தவர் முற்றாக வரையறுத்துவிட முடியாது. விளக்கத்தோடு பெற்ற பொருள், கொடுத்தவரின் நோக்கத்தையும் கடந்துபோகும்.

நம் தீவு பெறுவதோடு நின்றுவிடவும் இல்லை. 2005இல் இலங்கையர் உள்ளிட்டோரால் தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ.டூ நிறுவனம் 'பலரினா' என்னும் நிரல்மொழியை உருவாக்கியது. 2019இல் அதன் முதலாம் பதிப்பு வெளிவந்தது. அதற்கான செருகுநிரலை விஷுவல் ஸ்டூடியோ கோட்டில் உலகின் எம்மூலையிலும் நிறுவலாம். 2024இல் சுவீடன் நாட்டு முதலீட்டு நிறுவனமான ஈ.கியூ.டி. அந்நிறுவனத்தை வாங்கியது. கம்பனி கை மாறிற்று. திறந்த உரிமத்தில் வெளியாகிவிட்ட நிரலோ எல்லோருடைய கையிலும் இருக்கிறது. பொதுவுடைமையின் ஒரு சிறு விதை, தனியுடைமையின் வயலிலேயே முளைத்து நிற்கும் காட்சி இது.

ஆதலின் பெறுவோர் கடன் யாது? நிறுவுமுன், ஆக்கியவர் யார், உரிமம் யாது, கடைசியாக எப்போது பேணப்பட்டது என்று பார்க்க வேண்டும். சில நிமிட வேலை. பிழை கண்டால் வாளாவிராமல் தெரிவிக்க வேண்டும். ஆசிரியர்கள் கருவியை இயக்கக் கற்பிப்பதோடு, ஒரு சிறு செருகுநிரலையேனும் வகுப்பில் திறந்து காட்ட வேண்டும். அதன் விளக்கவுரையை மாணவர் தமிழில் எழுதலாம். மொழிபெயர்ப்பும் திருப்பிக் கொடுத்தலே. அதனால் கொழுக்கும் நிறுவனங்கள் பேணுவோருக்கு ஊதியம் தரவேண்டுமென்று கேட்பதும் நம் கடனே. தனிமனிதரின் நல்லெண்ணத்தால் மட்டும் தீரும் கடன் அன்று இது.

முகமறிந்தவனுக்குச் செய்ந்நன்றி காட்டுவது பழைய அறம். முகமறியாத உழைப்பாளியை உழைப்பாளியென்று அறிந்து, அவன் சுமையில் ஒரு பங்கைத் தானும் ஏற்பது நம் காலத்தின் அறம்.