இன்னுமா மாஸ்க்?

கல்யாண வீட்டில் பந்திக்குப் போவதற்குள் என் அக்காவிடம் பலர் கேட்டுவிட்டார்கள்: “என்னம்மா, இன்னுமா மாஸ்க்? அதான் கொரோனா போயிடுச்சே!” அக்காவுக்கு அப்போது கீமோதெரபி நடந்துகொண்டிருந்தது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டத்துக்குப் போனால் மாஸ்க் கட்டாயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி நோயைப் பற்றி வரும். அதற்குப் பின்னால் கண்ணீரும் ஆறுதலும், யாரோ சாப்பிட்டுக் குணமான மூலிகையும் வரும். மணப்பெண்ணுக்கான நாளில் தன் நோய் பேச்சாக வேண்டாம் என்று நினைத்தாள். “தூசி அலர்ஜி சித்தி” என்று சொல்லி ஒவ்வொருவரையும் கடந்துபோனாள். உடம்பைக் காத்துக்கொள்ள ஒரு துணியைக் கட்டியவள் அதற்காக நாள் முழுக்கப் பொய் சொல்ல வேண்டியிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

மாஸ்க் அன்றாட வழக்கமாக வேண்டுமா என்று கேட்டால், எல்லோரும் எப்போதும் போட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல உடம்போடு கடற்கரையில் நடப்பவர் எதற்காக மூக்கை மூடிக்கொள்ள வேண்டும்? சளியோ இருமலோ உள்ளவர் நாலு பேர் இருக்கும் அறைக்குள் மாஸ்க்கோடு வர வேண்டும். உடம்பு பலவீனமானவர் எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இருவரையும் யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்பது. இதில் கடைசியாகச் சொன்னதுதான் கடினம். அது நடக்க வேண்டுமானால் நோயில்லாதவர்களும் அவ்வப்போது மாஸ்க் போட்டுப் பழகியிருக்க வேண்டும். மண்டபத்தில் ஒருத்தி மட்டும் போட்டிருந்தால் எல்லார் கண்ணும் அவள் மேல்தான். பத்து இருபது பேர் போட்டிருந்தால் அவரவர் தன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

முகத்தை மூடுவது நமக்குப் புதிதல்ல. ஸ்கூட்டியில் போகும் பெண்கள் கண் மட்டும் தெரியும்படி துப்பட்டாவைச் சுற்றிக்கொள்கிறார்கள். சிமெண்ட் மூட்டை இறக்குகிறவர்கள் துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். சமண மதத்தின் ஸ்தானகவாசி, தேராபந்தி பிரிவுத் துறவிகள் பல தலைமுறைகளாக வாயை வெள்ளைத் துணியால் மறைத்தே வாழ்கிறார்கள்; தங்கள் மூச்சால் சிறு உயிருக்கும் தீங்கு வரக் கூடாது என்பது அவர்கள் விரதம். இவர்களில் யாரையும் நாம் நிறுத்திக் கேட்பதில்லை. வெயிலுக்கும் தூசிக்கும் விரதத்துக்கும் மூடினால் சரி, நோய்க்காக மூடினால் மட்டும் விசாரணை.

2020-இல் தமிழ்நாட்டில் மாஸ்க் இல்லாமல் வெளியே வந்தால் 200 ரூபாய் அபராதம் என்று வந்தது. அந்த நேரத்தின் அவசரம் எனக்குப் புரிகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் போலீஸைக் கண்டதும் தாடையிலிருந்து மூக்குக்கு ஏறிய மாஸ்க், அபராதம் நின்ற அன்றே குப்பைக்குப் போய்விட்டது. பக்கத்தில் இருப்பவருக்காகப் போடுகிறோம் என்ற எண்ணம் ஊன்றுவதற்குள் பயம் முந்திக்கொண்டது.

மாஸ்க்கின் கதையில் நாம் மறந்துவிட்ட ஒரு மனிதர் உண்டு. 1879-இல் பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்த வூ லியன் தே. 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகரில் ஒரு கொள்ளைநோய் பரவியபோது சீன அரசு அவரை அனுப்பியது. பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் என்று எல்லோரும் நம்பிய காலம். இறந்தவர் உடலை ஆராய்ந்த வூ, இது நுரையீரல் பிளேக், மனிதர் மூச்சிலிருந்து மனிதருக்கே தாவுகிறது என்றார். மெல்லிய வலைத்துணிக்கு நடுவே பஞ்சு வைத்து, யாரும் எளிதாகச் செய்துகொள்ளக்கூடிய மாஸ்க் ஒன்றை மருத்துவர்கள், ஊழியர்கள் எல்லோரையும் கட்டச் சொன்னார். அங்கே வந்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். இளம் சீன மருத்துவரின் பேச்சை ஏற்காமல் மாஸ்க் இன்றி நோயாளிகளைப் பார்த்தார்; சில நாட்களில் அதே நோயில் இறந்தார். ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட அந்தத் தொற்று 1911 வசந்தத்துக்குள் அடங்கியது. தனிமைப்படுத்தலும் ரயில் போக்குவரத்துக் கட்டுப்பாடும் பிணங்களை எரித்ததும் அதற்குக் காரணங்கள். மாஸ்க் அவற்றோடு சேர்ந்து நின்றது.

ஜப்பானில் 1918 ஃபுளூ காலத்தில் நுழைந்த பழக்கம் பின்னால் தானாகவே வேரூன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலையெங்கும் நட்ட சுகி மரங்களின் மகரந்தம் வசந்தந்தோறும் ஊர்களின் மேல் இறங்கத் தொடங்க, அந்த அலர்ஜிக்காக லட்சக்கணக்கானோர் மாஸ்க் போட்டார்கள். அதனால் அங்கே மாஸ்க் போட்டவருக்குச் சளியா, மகரந்தமா, பரீட்சைக்கு முன் எச்சரிக்கையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. 2023 மார்ச் 13 முதல் அவரவர் விருப்பம் என்று அரசு அறிவித்த பிறகும் பலர் தொடர்ந்து போட்டார்கள். என் அக்காவுக்கு அந்தக் கல்யாண மண்டபத்தில் கிடைக்காமல் போனது இந்த மறைவுதான்.

நம் ஊரில் இந்த மறைவு மிக அதிகமாகத் தேவைப்படுவது காசநோய்க்கு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். டிபி காற்றில் பரவும். எப்போது பரவுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் (பின்னால் சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது இதுதான்) உலகத்தின் வழக்கத்தையே மாற்றிய ஓர் ஆய்வைச் செய்தது. நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தும், மறு பாதியை நெருக்கடியான அவரவர் வீட்டிலேயே விட்டும், இரு சாராருக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியம், வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டவரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு, நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே தொற்றியிருந்தது.

இதை யோசித்துப் பார்த்தால், நாம் பயப்படும் ஆள் தவறான ஆள் என்று தெரியும். மருந்து சாப்பிடத் தொடங்கிச் சில வாரங்களான டிபி நோயாளியைப் பார்த்து ஒதுங்குகிறோம்; தட்டு, டம்ளர் தனி என்கிறோம். வாரக்கணக்கில் இருமியபடி “சாதாரண சளிதான்” என்று பஸ்ஸில் தோளோடு தோள் நிற்பவரைப் பற்றி ஒன்றும் நினைப்பதில்லை. அவருக்கே தெரியாது. மாஸ்க் நோயின் பெயருக்காக என்றால் அவர் என்றைக்கும் போடமாட்டார். இருமலுக்காக என்றால் இன்றைக்கே போடுவார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லிச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறோம். ஓபி சீட்டு கொடுக்கும் இடத்தில் இருமுகிற எல்லோருக்கும், எந்தக் கேள்வியும் இல்லாமல், சீட்டோடு ஒரு மாஸ்க்கும் கொடுக்கலாம். கொடுப்பவரும் ஒன்று போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்குகிறவருக்கு அது முத்திரை குத்தியதாகிவிடும்.

பழக்கம் எப்படி வரும் என்பதற்கு வங்கதேசத்தில் ஒரு நல்ல பாடம் உண்டு. 600 கிராமங்களில், மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பெரியவர்களிடையே 2020-21-இல் நடந்த ஆய்வு அது. பாதி கிராமங்களில் இலவசமாக மாஸ்க் கொடுத்து, சந்தையிலும் மசூதியிலும் நேரில் நினைவூட்டி, ஊர்ப் பெரியவர்களைப் போடவைத்தார்கள். சரியாகப் போடுபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். குறுஞ்செய்தி அனுப்பியதும் பரிசு அறிவித்ததும் கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை. அறிகுறியோடு உறுதியான கொரோனா தொற்று அந்தக் கிராமங்களில் ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்தது. சிறிய எண்தான், அதன் மேல் விவாதமும் உண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, கண்ணுக்கு முன்னால் நாலு பேர் போட்டிருந்ததும் ஐந்தாமவரைப் போட வைத்திருக்கும் என்பது.

போடச் சொல்லக் கூடாத இடங்களும் உண்டு. பேசக் கற்கும் குழந்தை உதட்டையும் பார்த்துச் சொல்லைப் பிடிக்கிறது. பால்வாடியில் மாஸ்க் வேண்டாம். காது கேளாதவர் எதிரே நிற்கும்போது மாஸ்க் ஒரு சுவர். சித்திரை வெயிலில் நாற்று நடுபவருக்கும், திறந்த வெளியில் மண் சுமப்பவருக்கும் அது தேவையுமில்லை, முடியவும் முடியாது. கதவடைத்த ஏசி பஸ்ஸையும், ஜன்னல் திறந்த டவுன் பஸ்ஸையும் ஒன்றாக வைத்துப் பேசுவதும் சரியல்ல. ஜன்னலைத் திறந்தாலே பாதி வேலை முடியும் இடத்தில் முதலில் ஜன்னலைத் திறப்போம்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. “உடம்பு சரியில்லையென்றால் வீட்டில் இருங்கள்” என்பது சம்பளத்தோடு லீவு உள்ளவருக்குச் சொல்லும் அறிவுரை. அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் இருமலோடு வந்தால், வேலை இல்லாமல் போய்விடுமோ என்று மாஸ்க்கைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பெல் அடிக்கிறாள். போட்டிருந்தால் “நாலு நாள் வராதேம்மா” என்பார்கள். மாதக் கடைசியில் அந்த நாலு நாளைக் கழித்துக் கொடுப்பார்கள். அவளை மாஸ்க் போட வைக்க வேண்டுமென்றால் முதலில் அந்தப் பணத்தைப் பிடிக்காதீர்கள். லீவு கொடுக்க முடியாத வீட்டில் அவள் மாஸ்க்கோடு வேலை செய்யட்டும். நீங்களும் ஒன்றை மாட்டிக்கொண்டு, சமையலறை ஜன்னலைத் திறந்துவையுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால், சளிப் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்வர அரை நாளும் ஆட்டோ காசும் கொடுங்கள்.