குப்பை என்று கூறுமுன்

பிறர்மீது குற்றஞ் சாட்டுதல் அறமா, அன்றா என்னும் வினா மிகப் பழையது. இன்று அது நாள்தோறும் நம் விரல் நுனியில் வந்து நிற்கின்றது. மின்னஞ்சற் பெட்டியைத் திறக்கின்றோம். நாம் கேளாத அஞ்சல் ஒன்று கிடக்கின்றது. அதனைக் குப்பையென முறையிடும் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குச் செல்கின்றோம். இச்செயல் நம் வாசலைக் கூட்டுவது போன்றதா? அன்றி, ஊர்ச் சபையில் ஒருவர்மீது சாட்சி கூறுவது போன்றதா?

முதற்கண் அனுப்புவோரின் பிழையைக் காண்போம். 1978-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கக் கணினி நிறுவனமொன்றின் விற்பனை அலுவலர் ஒருவர், அர்ப்பாநெட் என்னும் வலையிலிருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். வேண்டாத அஞ்சலின் தொடக்கமாக அதனையே கூறுவர். காகிதக் கடிதத்திற்குத் தபால் தலை ஒட்டுபவர் அனுப்புபவர்; மின்னஞ்சலிலோ செலவின் பெரும்பகுதி பெறுபவர் தலையில் விழுகின்றது. நம் நேரத்தையும் கவனத்தையும் நாம் கொடாதிருக்க அவர் எடுத்துக்கொள்கின்றார். கொடாததை எடாமை நம் சீலங்களுள் ஒன்றன்றோ? ஆதலின் அச்செயலைத் தடுக்க முயல்வது தவறாகாது.

ஆயினும் தடுப்பதற்கு வழி இரண்டு உண்டு. அஞ்சலை அழித்துவிடின் அச்செயல் நம்மோடு முடிகின்றது. முறையிடின் அவ்வாறன்று. அவ்வஞ்சலின் சொற்களையும் அது புறப்பட்ட இடத்தையும் வடிகட்டும் சேவை குறித்துக்கொள்கின்றது. அனுப்பியவருடைய நன்மதிப்புக் குறைகின்றது. பிறர் பெட்டிகளிலும் அவருடைய கடிதங்கள் ஒதுக்கப்படலாகும். கூகுள் நிறுவனம் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து கைக்கொண்ட விதிப்படி, ஓர் அனுப்புநர்மீது எழும் முறையீடு 0.3 விழுக்காட்டை எட்டலாகாது. ஆயிரம் பேருள் மூவர் சலிப்பினால் அழுத்தினும், எஞ்சிய 997 பேர் விரும்பிய கடிதத்திற்கும் இடையூறு நேரலாம். எனவே நாம் கூட்டுவது நம் வாசலை மட்டுமன்று. நாம் கூறுவது சாட்சியே.

கொச்சி மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் பஜார் சாலையில் ஒரு சிறு வணிகர் இருப்பதாகக் கொள்வோம். அயல்நாட்டு வணிகருக்கு விலைப்பட்டியல் அனுப்புவதே அவர் பிழைப்பு. அவர் வாடகைக்குக் கொண்ட சர்வர் என்னும் அஞ்சற் கணினியை நூற்றுக்கணக்கானோர் பங்கிட்டுக்கொள்கின்றனர். அவர்களுள் ஒருவன் மோசக்காரன். அவன் பொருட்டு எழுந்த முறையீடுகளால் அக்கணினியே தடைப்பட்டியலில் ஏறுகின்றது. குற்றமற்ற வணிகரின் கடிதமும் குப்பையிற் சேர்கின்றது. அவரை யாரும் விசாரிக்கவில்லை. பதில் வாராமையை வாங்குவோரின் மனமாற்றமென்றே அவர் எண்ணியிருப்பார்.

இதனைக் கேட்டு, 'ஆயின் வாளாவிருப்போம்' என்று நேயர்கள் முடிவு செய்தல் ஆகாது. அதே வணிகரின் பெயரைத் திருடி, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது; பணத்தைப் புதிய கணக்கிற்கு அனுப்புக' என்று ஒருவன் எழுதுகின்றான். 1982-இல் வகுக்கப்பட்ட அஞ்சல் நெறிமுறை அனுப்புநரின் பெயர் மெய்யா என்று தானே சோதிப்பதில்லை. காப்புகள் பின்னரே சேர்க்கப்பட்டன. அவற்றை இன்றும் அனைவரும் கைக்கொள்வதில்லை. அப்பொய்க் கடிதத்தை அறிந்துகொண்ட ஒருவர் வாளா அழித்துவிடின், அறியாத அடுத்தவர் பொருளிழப்பார். அவ்விடத்தில் மௌனம் பொறுமையாகாது. அயலார்பால் பராமுகமே ஆகும்.

பேசினாலும் தீங்கு, பேசாவிடினும் தீங்கு எனின் வழி யாது? பிறர்மீது குற்றஞ் சாட்டப் புகும் பிக்கு ஐந்தினை உள்ளத்திற் கொள்ளவேண்டுமென விநயபிடகம் கூறுகின்றது: தக்க காலம், உண்மை, மென்மை, பயன், அன்புள்ளம். ஆதாரமின்றிப் பெருங்குற்றஞ் சாட்டுதலையும் அது குற்றமாகவே வைத்தது. முறையிடுவோனும் முறைக்குக் கட்டுப்பட்டவன் என்பதே இதன் கருத்து.

இக்கருத்து இக்காலக் கருவிகளிலும் ஓரளவு காணப்படுகின்றது. 1998-இல் தோன்றிய ஸ்பாம்காப் என்னும் சேவை, பெயரை நம்பாமல், அஞ்சல் கடந்துவந்த வழியைத் தலைப்புக் குறிப்புகளில் ஆராய்கின்றது. முறையீட்டை அனுப்புமுன் முறையிடுவோரையே மீண்டும் பார்த்து உறுதி செய்யச் சொல்கின்றது. முறையீடு நின்றபின் 24 மணி நேரத்தில் அதன் தடைப்பட்டியலிலிருந்து அவ்விடம் நீங்குகின்றது. குற்றம் ஓய்ந்தபின் தண்டனையும் ஓயவேண்டுமன்றோ?

சட்டமும் ஒரு பாடம் புகட்டியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, தொல்லையோ அசௌகரியமோ விளைக்கும் நோக்கில் மின்னஞ்சல் அனுப்புவோருக்கும் மூன்றாண்டு வரை சிறை விதித்தது. தொல்லை என்னும் சொல்லுக்கு எல்லையில்லை. அப்பிரிவு பேச்சுரிமைக்கு மாறானதென 2015-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. நமக்குப் பிடியாதது வேறு, குற்றம் வேறு.

ஆகவே, நாம் முன்பு விரும்பிக் கேட்ட மடல் இன்று சலித்துவிடின், அதிலுள்ள விலகும் வழியால் விலகுவோம். அதனைக் குப்பையெனல் பொய்ச்சாட்சி. ஒருவர் தம் கருத்தை எழுதியது நமக்குக் கசந்தால், அழித்து அமைவோம். கேளாமல் கூட்டங் கூட்டமாக அனுப்பப்படுவதையும் வஞ்சகக் கடிதத்தையும் தயங்காமல் முறையிடுவோம்; வஞ்சகன் தரும் விலகல் இணைப்பைத் தொடோம்; சினந்து மறுமொழியும் எழுதோம், அது நம் முகவரி உயிருடன் இருப்பதை அவனுக்கு அறிவிப்பதாகும். இடையிடையே ஒதுக்கப்பட்ட அஞ்சல்களையும் திறந்து பார்ப்போம். அங்கே நிரபராதி கிடந்தால், 'இது குப்பையன்று' என்று விடுவிப்போம். குற்றஞ் சாட்டும் பொத்தானை அறிந்த அளவிற்கு அவ்விடுவிக்கும் பொத்தானை நம்மிற் பலர் அறியோம்.

செயலின் நன்மை தீமை உள்ளத்தின் எண்ணத்தைப் பற்றியது. ஒரே பொத்தானைச் சினத்தாலும் அழுத்தலாம், அடுத்தவரைக் காக்கும் கருணையாலும் அழுத்தலாம். இயந்திரம் அவ்வேறுபாட்டை அறியாது; நாம் அறிவோம். அதனை அறிந்து அழுத்துவதற்கு ஒரு கணமே போதும்.