முருகேசனுக்கு யார் பலன் தருவது?

விளையாட்டுப் படத்தில் தலையெழுத்தை எழுதுபவர் இயக்குநர். கடைசிப் பந்தில் யார் ஜெயிப்பார் என்பது படப்பிடிப்புக்கு முன்பே முடிவாகியிருக்கும். பாடுபட்டவனுக்குப் பலன் உண்டு என்று நம்பவைப்பது அவருக்குப் பெரிய காரியமில்லை. அதே கதையில் ஒரு விவசாயியையும் வைத்தால்தான் வம்பு.

அருண்ராஜா காமராஜ் முதல் படமான ‘கனா’விலேயே அந்த வம்பை விலைக்கு வாங்கினார். காவிரிக் கரைக் குளித்தலையின் விவசாயி முருகேசன், கிரிக்கெட் பைத்தியம். இந்தியா தோற்றால் தொலைக்காட்சி முன்னாலேயே அழுதுவிடுவார். அந்த அழுகைதான் மகள் கௌசல்யாவைப் பந்து வீச வைக்கிறது. மகள் ஏற ஏற, அப்பா கடனில் இறங்குகிறார். மைதானத்தையும் வயலையும் மாற்றி மாற்றிக் காட்டுவதே இயக்குநரின் பாணி; முருகேசனாக நடிக்கும் சத்யராஜ் பேசாமல் நிற்கும் இடங்களில் அது நன்றாகவே எடுபடுகிறது.

படம் வந்தது 2018 டிசம்பர் 21. அந்த ஆண்டு ஜூலையில் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளம் கடலுக்கு ஓட, தண்ணீர் வரவில்லை என்று கடைமடைக்காரர்கள் புலம்பினார்கள். நவம்பர் 16இல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. ஐந்தே வாரத்தில் திரையில் முருகேசன்.

பலனில் பற்று வைக்காதே என்கிறது கீதை. தெய்வம் கைவிட்டாலும் மெய் வருந்தியதற்குக் கூலி கிடைக்கும் என்கிறார் வள்ளுவர். தஞ்சாவூர் விவசாயிக்கு இரண்டுமே இடிக்கும். கூலி வந்து சேரவில்லை. பற்று வைக்காமல் இருக்கலாம் என்றாலோ, கூட்டுறவு வங்கிக் கடனுக்குத் தவணைத் தேதி இருக்கிறது.

டெக்சாஸ் பள்ளிக்கூட அமெரிக்கக் கால்பந்தை வைத்து பீட்டர் பெர்க் 2004இல் எடுத்த ‘ஃப்ரைடே நைட் லைட்ஸ்’, பையன்களை இறுதி ஆட்டத்தில் கோட்டுக்கு அருகிலேயே தோற்கவைத்தது. பலன் இல்லாமலும் ஆட்டத்துக்கு மதிப்புண்டு என்பது அவர் கட்சி. அருண்ராஜாவுக்கு அது கட்டுப்படியாகாது. தோற்ற பையன் பட்டினி கிடக்கப்போவதில்லை. பயிர் போன குடும்பத்தின் கதை வேறு.

அதனால் மகளை ஜெயிக்கவைக்கிறார்; அப்பாவின் கணக்கை அந்த வெற்றியால் தீர்க்காமல், அவளை மைக்கைப் பிடித்து விவசாயிகளைப் பற்றிப் பேசவிடுகிறார். பிரசாரம்தான், பேச்சும் நீளம்தான். ஆனால் கர்ம வினையையோ கடவுளையோ அவள் இழுக்கவில்லை. கேள்வி போய் விழுவது கிரிக்கெட்டுக்குக் கைதட்டும் நாட்டின் மீது.