ஒரு கவளம் சோறு

ஆண்டவர் முகத்தைப் பார்ப்பதில்லை, உள்ளத்தைத்தான் பார்க்கிறார் என்று கிறிஸ்தவ வீடுகளில் சொல்வதுண்டு. ஞாயிற்றுக்கிழமையும் கூலிவேலைக்குப் போயாக வேண்டிய பெண்ணுக்கு அது ஆறுதல். காணிக்கைப் பை வரும்போது பக்கத்திலிருப்பவர் கண்ணில் படும்படி நோட்டை விரிக்கிறவருக்கு அது குட்டு. இதோடு நின்றிருந்தால் சிக்கலில்லை. மாற மனமில்லாதவர் ஒதுங்கிக்கொள்ளும் நிழலும் அந்தச் சொல்தான்.

மலைப்பிரசங்கத்தில் இயேசு தர்மத்தையும் ஜெபத்தையும் உபவாசத்தையும் விட்டுவிடச் சொல்லவில்லை. ஊர் பார்க்கச் செய்யாதே என்கிறார். அப்படிச் செய்பவரைப் பழைய தமிழ் வேதாகமம் மாயக்காரர் என்கிறது; பொது மொழிபெயர்ப்பில் அவர் வெளிவேடக்காரர். மூலமான கிரேக்கச் சொல்லுக்கு மேடை நடிகர் என்று பொருள். அந்த வகையில் ‘வேடம்’ மூலத்துக்கு நெருக்கமானது. நடிப்பவருக்கு வேண்டியது கூட்டம். கூட்டம் கலைந்ததும் வேடமும் கலையும். ஆக, வெளிச்செயல் இருப்பது குற்றமல்ல. அது யாருக்காக என்பதே கேள்வி.

ஆனால் யாருக்காக என்று வெளியிலிருந்து எப்படி அறிவது? உள்ளத்துக்குச் செயல் சாட்சியாகுமா என்பது பழைய வழக்கு. செயலால் அல்ல, விசுவாசத்தாலேயே மீட்பு என்று நின்ற மார்ட்டின் லூதர், செயலில்லாத விசுவாசம் செத்தது என்னும் யாக்கோபின் நிருபத்தை 1522-இல் வைக்கோலோடு ஒப்பிட்டார். அந்த லூத்தரன் மரபுதான் 1706-இல் மிஷனரி சீகன்பால்குடன் தரங்கம்பாடியில் கரையிறங்கியது. உள்ளமா, செயலா என்ற வழக்கு இங்கே சோற்றுத் தட்டில் வந்து நின்றது.

தஞ்சைப் பகுதிச் சபைகளில் சாதிக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள். திருவிருந்துக் கிண்ணம்கூட மேல்சாதியார் அருந்திய பிறகே மற்றவர் வாய்க்குப் போனது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளுக்குள் சாதி வேற்றுமை அடியோடு போக வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்களைப் போலி விசுவாசிகள் என்று தள்ளிவிட முடியாது. மிஷனரிகளின் சாதி எதிர்ப்பை மறுத்து எழுதியவர்களில் ஒருவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் தமிழ்ச் சபைகள் பாடுகின்றன. சாதி உலக ஒழுங்கு, விசுவாசம் ஆத்துமாவின் காரியம், இரண்டையும் குழப்பாதீர்கள் என்பதே அந்தத் தரப்பின் வாதம். உள்ளத்தைப் பற்றிய உயர்ந்த போதனை, தனி இருக்கைக்குக் காவல் நின்றது.

மதுரை அமெரிக்க மிஷன் 1847-இல் எதிர்முனைக்குப் போனது. சாதியை விட்டதற்கு அடையாளமாகத் தாழ்ந்தவர் எனப்பட்டவர் சமைத்த உணவை உண்ண வேண்டும் என்று எதிர்பார்த்தது. மறுத்த உபதேசியார்கள் பலர் விலகினார்கள். இந்தச் சோதனையில் கோளாறு இல்லாமலில்லை. உபதேசியார் மிஷன் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர். அவர் விழுங்கிய கவளம் அன்பினாலா, சம்பளத்துக்காகவா? சமைத்த கைக்கும் மரியாதை சேர்ந்ததாகச் சொல்ல முடியாது. தன் சோறு இன்னொருவரின் பக்திக்குப் பரீட்சைத்தாள் ஆவதை எந்தச் சமையல்காரர் விரும்புவார்?

ஆனாலும் அந்தக் கவளத்தை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. உண்டவரின் உள்ளத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உண்ண மறுத்தவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் செய்யும். வெளிச்செயல் விசுவாசத்தை நிரூபிக்கப் போதாது, பொய்ப்பிக்கப் போதும். அதிலும், செய்பவருக்குப் பெயர் வாங்கித் தரும் செயல்களைவிட, அவர் கையிலிருப்பதைப் பறிக்கும் செயலே நல்ல சாட்சி. நீண்ட ஜெபத்தால் ஊரில் மதிப்புக் கூடும். சமபந்தியில் உட்கார்ந்தால் அந்தக் காலத்தில் சொந்தபந்தமே அறுந்துபோகும். முதலாவதை நடிக்க எளிது. இரண்டாவதை நடிக்க நல்ல துணிச்சல் வேண்டும்.

கத்தோலிக்கரிடமும் இதே கதைதான். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டத் தொடங்கிய திருக்குடும்ப ஆலயத்துக்குக் கால்சட்டையின் வடிவம். பலிபீடத்திலிருந்து இரண்டு கூடங்கள் பிரிந்து போகின்றன. ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார், நடுவே மதில். இரு பக்கமும் ஒரே பூசைதான், ஒரே நற்கருணைதான். மணியடித்ததும் இரு கூடங்களிலும் முழங்கால்கள் ஒன்றாகவே மடங்கியிருக்கும். அந்த நேரத்தில் யாருடைய பக்தியிலும் யாராலும் பழுது சொல்லியிருக்க முடியாது. 1910-இல் மதிலை இடித்தபோதுதான் ஊர் கொதித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், மதிலைக் கேட்டவர்கள் தோற்றார்கள். ஆலயம் இன்றும் இரண்டு கால்களையும் அகட்டியபடி நிற்கிறது.